அறுந்த வலையும் அடங்கிய கையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தின் அருட்கொடையாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. உப்பு நீரும் நன்னீரும் கலந்த ஏரிகளுள், ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி நம் நாட்டில் பெரியது இதுவே. தோணி வந்து ஒதுங்கும் ரேவு என்பதையே பெயராகக் கொண்ட தோணிரேவு முதலான மீனவக் கிராமங்கள் அதன் கரையில் இருக்கின்றன. முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அங்கே அக்கம் பக்கமாக வாழ்கிறார்கள். ஆண்கள் ஏரியில் இறாலும் நண்டும் மீனும் பிடிக்கிறார்கள். பெண்கள் பலர் பனையோலையில் கூடை முடைந்து குடும்பச் செலவுக்குக் கைகொடுக்கிறார்கள். எல்லாருக்கும் படியளப்பவன் அல்லாஹ். அந்தப் படி வந்து சேரும் வழி ஒரே ஏரி.

ஒரே ஏரியை நம்பிப் பல ஊர்கள் பிழைக்கும் இடத்தில் மனத்தாங்கல் இல்லாமல் இருக்குமா? சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு மீனவன் கடன் வாங்கி வலை வாங்குகிறான். மாலையில் ஏரியில் கம்பு நட்டு அதைக் கட்டிவிட்டு வருகிறான். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் வலை அறுக்கப்பட்டிருக்கிறது. அவனுடைய ஒரு மாத உழைப்பு தண்ணீரில் மிதக்கிறது. வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். யார் அறுத்திருப்பார்கள் என்று அவன் மனம் ஒரு பெயரைச் சொல்கிறது. கை அரிவாளைத் தேடுகிறது.

அந்த நிமிடத்தில் அவன் என்ன செய்ய வேண்டும்? அவனுடைய வேதனை பொய்யானதல்ல, கோபம் காரணமற்றதல்ல. அவனிடம் போய் ‘பொறுத்துப் போ’ என்று ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டு வருவது எளிது. அந்தச் சொல்லால் அவன் வயிறு நிறையாது, மனமும் ஆறாது. அப்படியானால் நம் மார்க்கம் அவனுக்கு என்ன வழி காட்டுகிறது? இதையே இம்மாதம் சிந்திக்க நாடுகிறோம்.

பீரங்கியும் பாடும்

பழவேற்காட்டு மண் வன்முறையின் வேதனையை நன்கு அறிந்த மண். டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டு இங்கே கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். கோட்டையில் பீரங்கிகள் இருந்தன. இந்தத் துறைமுகத்திலிருந்து துணி ஏறியது போலவே மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். பஞ்சத்திலும் போரிலும் அகப்பட்ட ஆயிரக்கணக்கான ஏழை மக்கள், பதினேழாம் நூற்றாண்டில் அடிமைகளாக பத்தாவியா முதலிய இடங்களுக்குக் கப்பலில் கொண்டு போகப்பட்டார்கள். பிள்ளையைப் பிரிந்த தாய்மாரின் கண்ணீர் விழுந்த கரை அது.

இன்று அந்தக் கோட்டை எங்கே? இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. ஆயின் கோட்டையும் பீரங்கியும் இல்லாத மீனவ மக்களிடம் வேறொன்று தலைமுறை தலைமுறையாக நிலைத்து வந்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். ஏரியில் நல்ல மீன்பாடு உள்ள இடங்களைப் பிரித்துக்கொண்டு, இந்தக் குழுவுக்கு இந்த இடம், இந்த நாள் என்று குலுக்கியோ முறை வைத்தோ தீர்மானிக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறு இடம். இன்று விட்டுக் கொடுத்தவனுக்கு நாளை நல்ல இடம். பலசாலி முந்திக்கொண்டான், ஏமாந்தவன் பட்டினி கிடந்தான் என்ற நிலை வராமல் தடுப்பதற்கு அம்மக்கள் கண்ட வழி இது.

சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது நம் மார்க்கத்துக்கும் புதிதன்று. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்ற போட்டி எழுந்தபோது எழுதுகோல்களைப் போட்டுத் தீர்மானித்ததை ஆல இம்ரான் சூரா எடுத்துரைக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது, துணைவியரில் எவரை உடன் அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுப் போட்டே முடிவு செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஒருவர் மனமும் புண்படக் கூடாது என்பதில் எத்தனை கவனம் பாருங்கள்!

நபிப் பட்டம் கிடைப்பதற்கு முன்பே, அவர்களுடைய 35-ஆம் வயதில், கஃபாவைப் புதுப்பித்தபோது ஹஜருல் அஸ்வத் கல்லை எடுத்து வைக்கும் பெருமை யாருக்கு என்று குறைஷிக் கோத்திரங்கள் வாளை உருவும் நிலைக்கு வந்தன. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு துணியை விரித்து, கல்லை அதில் வைத்து, ஒவ்வொரு கோத்திரத்தாரையும் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கச் செய்தார்கள். உரிய இடத்துக்கு வந்ததும் தம் திருக்கரத்தால் எடுத்துப் பதித்தார்கள். ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை. ஒரு கோத்திரமும் தலைகுனியவில்லை.

ஆகவே வன்முறையைத் தவிர்ப்பது என்பது வெறுமனே கைகட்டி நிற்பதன்று. கத்தி செய்ய வந்த வேலையை நீதியால் செய்து முடிப்பது. இந்தக் கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஆதம் மக்களின் கதை

மனித குலத்தின் முதல் கொலையை அல்மாயிதா சூராவில் அல்லாஹு தஆலா விவரிக்கிறான். ஆதம் (அலை) அவர்களின் மக்கள் இருவர். ஒருவருடைய குர்பானி ஏற்கப்பட்டது, மற்றவருடையது ஏற்கப்படவில்லை. பொறாமை கொண்டவன் கொன்று விடுவதாக மிரட்டினான். மற்றவரோ, நீ என்னைக் கொல்லக் கை நீட்டினாலும் உன்னைக் கொல்ல நான் கை நீட்ட மாட்டேன், அகிலத்தாரின் இரட்சகனை நான் அஞ்சுகிறேன் என்னும் கருத்தில் விடை பகர்ந்தார்.

அவர் எதற்காகக் கையை அடக்கினார் என்பதைக் கவனியுங்கள். எதிரிக்குப் பயந்தல்ல, அல்லாஹ்வுக்குப் பயந்து. எதிரிக்குப் பயந்து அடங்கும் கை, எதிரி திரும்பிக்கொண்டதும் முதுகில் குத்தும். அல்லாஹ்வுக்குப் பயந்து அடங்கும் கை இருட்டிலும் அடங்கியே இருக்கும். அஹிம்சைக்கும் கோழைத்தனத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கொன்றவன் நிலை என்ன? சகோதரனின் உடலை என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நின்றான். மண்ணைக் கிளறிக் காட்ட ஒரு காகத்தை அல்லாஹ் அனுப்பினான். ஒரு பறவையிடம் பாடம் படிக்கும் அளவுக்குத் தாழ்ந்து கைசேதப்பட்டான். அந்த வரலாற்றை அடுத்தே, அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என்ற பேருண்மையைத் திருமறை எடுத்துரைக்கிறது.

மக்காவும் தாயிஃபும்

நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவில் மார்க்கத்தைப் போதித்த 13 ஆண்டுகளை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. அந்தக் காலமெல்லாம் முஸ்லிம்கள் அடி வாங்கினார்கள். பிலால் (ரலி) அவர்கள் சுடுமணலில் கிடத்தப்பட்டார்கள். அன்னை சுமைய்யா (ரலி) அவர்களை அபூஜஹ்ல் கொன்றான். தோழர்களுள் வீரர்கள் இல்லாமலில்லை; ஹம்ஸா (ரலி), உமர் (ரலி) போன்றோர் இருந்தார்கள். ஆயினும் கைகளை அடக்கிக்கொண்டு தொழுகையை நிலைநாட்டும்படியே அவர்களுக்குக் கட்டளை இருந்தது. அதே சமயம் அவர்கள் வாயை மூடவில்லை. லாயிலாஹ இல்லல்லாஹ் என்ற சத்தியத்தை ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. கை அடங்கியிருந்தது, கொள்கை நிமிர்ந்து நின்றது.

தாயிஃப் நகரில் நடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆதரவு தேடிச் சென்ற பெருமானாரை அவ்வூர்த் தலைவர்கள் ஏளனம் செய்தார்கள். சிறுவர்களையும் வீணர்களையும் ஏவிக் கல்லால் அடிக்கச் செய்தார்கள். பாத அணிகளில் இரத்தம் உறைந்தது. உடன் சென்ற ஜைது (ரலி) அவர்கள் தம் உடலைக் கேடயமாக்கித் தலையில் காயம்பட்டார்கள். திரும்பும் வழியில் மலைகளின் வானவர் தோன்றி, ஆணையிட்டால் இரு மலைகளைக் கொண்டு அம்மக்களை நசுக்கி விடுவதாகக் கூறினார். பழிவாங்கும் வல்லமை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. நாயகம் (ஸல்) அவர்களோ அதை மறுத்து, இவர்களுடைய சந்ததியிலாவது அல்லாஹ்வை வணங்குவோர் தோன்றுவார்கள் என்று தாம் ஆதரவு வைப்பதாகக் கூறினார்கள்.

காயம்பட்டவரின் பார்வை எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்! கல்லெறிந்த கையை மட்டும் அவர்கள் காணவில்லை. இன்னும் பிறவாத பிள்ளைகளைக் கண்டார்கள். ஹிஜ்ரி 9-இல் அதே தாயிஃப்வாசிகள் தூதுக்குழு அனுப்பி இஸ்லாத்தைத் தழுவினார்கள். அன்று மலைகள் இறங்கியிருந்தால் அந்த ஊரும் இல்லை, அந்தச் சந்ததியும் இல்லை.

ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றியின்போது அதிகாரம் முழுவதும் பெருமானாரின் கையில் இருந்தது. கொடுமை செய்தவர்கள் எதிரே தலைகுனிந்து நின்றார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் தம்மைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்களை மன்னித்தது போலவே அவர்களும் அன்று மன்னித்தார்கள். அபூஜஹ்லின் மகன் இக்ரிமாவும் மன்னிப்புப் பெற்றார். பின்னாளில் இஸ்லாத்துக்காகவே போர்க்களத்தில் உயிர் துறந்தார். பழிவாங்கியிருந்தால் ஒரு பிணம் கிடைத்திருக்கும். மன்னித்ததால் ஒரு ஸஹாபி கிடைத்தார்.

பட்டாணியரின் பொறுமை

‘அவர்கள் நபிமார்கள், நம்மால் ஆகுமா?’ என்று சிலர் கேட்கலாம். நம் காலத்துக்கு அருகில் வாழ்ந்த ஒருவரைப் பார்ப்போம்.

பெஷாவருக்கு அருகிலுள்ள உத்மான்ஸையில் 1890-இல் பிறந்தவர் கான் அப்துல் கஃப்பார் கான். பட்டாணியரிடம் பழிக்குப் பழி என்பது குலதர்மம். பாட்டனுக்கு நேர்ந்ததற்குப் பேரன் பழி தீர்த்தால்தான் மானம் என்று எண்ணிய சமூகம் அது. அந்த மக்களைக் கொண்டு 1929-இல் குதாயி கித்மத்கார், அதாவது இறைவனின் ஊழியர்கள், என்ற அமைப்பை அவர் தோற்றுவித்தார். வன்முறையில் இறங்க மாட்டேன், பழிவாங்க மாட்டேன் என்று ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுத்தார்கள்.

1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஆயுதமின்றிக் கூடிய மக்கள் மீது ஆங்கிலேயர் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். பலர் உயிரிழந்தார்கள். இந்த மக்களைச் சுட மாட்டோம் என்று கட்வால் படைப்பிரிவின் சிப்பாய்கள் மறுத்தார்கள். அவர்களை வழிநடத்திய சந்திர சிங் கட்வாலியும் தோழர்களும் அதற்காகச் சிறைத் தண்டனை அனுபவித்தார்கள். சுட வந்த துப்பாக்கியையே தாழச் செய்யும் ஆற்றல் ஆயுதமற்ற மக்களுக்கு இருந்தது!

ஒரு முஸ்லிம் அஹிம்சையை ஏற்றுக்கொள்வதில் வியப்பென்ன, மக்காவில் நாயகம் (ஸல்) அவர்கள் நடந்து காட்டிய வழிதானே இது, மக்கள் அதை மறந்து விட்டார்கள் என்ற கருத்தையே கஃப்பார் கான் எடுத்துரைத்து வந்தார். வாழ்வில் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்தும் அந்தக் கொள்கையை அவர் விடவில்லை. 1987-இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருதளித்தது. 1988 ஜனவரியில் அவர் காலமானார்.

ஓர் இமாமின் கண்ணீர்

இன்னும் அண்மையில் நடந்தது கேளுங்கள். 2018 மார்ச் மாத இறுதியில் மேற்கு வங்காளத்தின் அஸன்ஸோல் நகரில் கலவரம் மூண்டது. அவ்வூர்ப் பள்ளிவாசல் ஒன்றின் இமாமான மௌலானா இம்தாதுல் ராஷிதி அவர்களின் 16 வயது மகன் அதில் கொல்லப்பட்டான். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த பிள்ளை. ஜனாஸாவுக்குப் பெருங்கூட்டம் திரண்டது. இளைஞர்களின் இரத்தம் கொதித்தது. இமாமிடமிருந்து ஒரு சொல் வந்திருந்தால் ஊர் பற்றி எரிந்திருக்கும்.

அந்தத் தகப்பனார் என்ன சொன்னார் தெரியுமா? என் மகனை நான் இழந்துவிட்டேன். இன்னொரு தகப்பன் தன் பிள்ளையை இழக்க வேண்டாம். நீங்கள் பழிவாங்கப் புறப்பட்டால் நான் இந்தப் பள்ளிவாசலையும் இந்த ஊரையும் விட்டே போய்விடுவேன் என்னும் கருத்துப்படக் கூறிக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். பிள்ளையின் உடலை மண்ணில் வைக்கும் நாளில் இப்படிப் பேச எத்தனை பெரிய ஈமான் வேண்டும்! மல்யுத்தத்தில் எதிரியை வீழ்த்துபவன் வீரனல்ல, கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்ற நபிமொழியின் பொருளை அந்த நாளில் அஸன்ஸோல் மக்கள் கண்ணாரக் கண்டார்கள்.

வேதனை என்பது கை மாறிக் கை மாறிப் போகும் பொருள். என் வீட்டுக்கு வந்ததை நான் அடுத்த வீட்டுக்கு அனுப்புவேன். அவன் அதை வட்டியோடு திருப்பி அனுப்புவான். எங்கேயாவது ஒருவர் ‘இது என்னோடு நிற்கட்டும்’ என்று சொன்னால்தான் நிற்கும். அப்படிச் சொல்லும் உரிமை காயம்படாதவர்களுக்கு இல்லை, காயம்பட்டவருக்கே உண்டு. அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

அநியாயத்தைச் சகிப்பதா?

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். மன்னிப்பு என்ற பெயரால் அநியாயத்துக்குத் துணைபோக இஸ்லாம் சொல்லவில்லை. தீமைக்கு அதற்கு ஒப்பான கூலியே உண்டு, ஆயின் மன்னித்துச் சமாதானம் செய்பவருக்குக் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது என்ற கருத்தை அஷ்ஷூரா சூராவில் காண்கிறோம். அநீதி இழைக்கப்பட்டவர் தம்மைக் காத்துக்கொண்டால் அவர் மீது குற்றமில்லை என்றும் அங்கே தெளிவாக்கப்படுகிறது. தண்டனை வழங்குவது நீதிமன்றத்தின் வேலை. ஆத்திரம் கொண்ட தனிமனிதனின் வேலையன்று.

அநியாயக்காரனாயினும் அநியாயத்துக்குள்ளானவனாயினும் உன் சகோதரனுக்கு உதவி செய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தபோது, அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் வினவினார்கள். அநியாயம் செய்யவிடாமல் அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் தந்தார்கள். ஆகவே கையை அடக்குவது பாதிக் கடமை; நியாயத்துக்காக வாய் திறப்பது மறுபாதி.

மீண்டும் ஏரிக்கரைக்கு வருவோம். பாடு முறை அருமையானதுதான். எனினும் எல்லா ஊரும் எல்லாச் சமூகமும் அதற்குள் அடங்குவதில்லை. வெளியே நிற்பவர்களுக்கு மனக்குறை உண்டு. அதனால் பூசல்களும் எழுந்ததுண்டு. உள்ளே இருப்பவன் வெளியே நிற்பவனைப் பார்த்துப் ‘பொறுமையாயிரு’ என்று உபதேசம் செய்தால் அது பொறுமையின் போதனையாகுமா? ஆகாது. அவனுடைய வயிற்றுக்கும் ஒரு வழி கண்டுவிட்டுப் பேச வேண்டும். பங்கு நியாயமாக இருந்தால்தான் அமைதி நிலைக்கும். இது ஏரிக்கு மட்டுமல்ல. சொத்துப் பிரிக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், மஹல்லா நிர்வாகத்துக்கும் பொருந்தும்.

வலை அறுந்தவன் செய்ய வேண்டியது

ஆக, வலை அறுந்து நிற்கும் அந்தச் சகோதரனுக்கு நாம் என்ன சொல்வோம்? முதலில் உட்கார் என்போம். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரவும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளவும் நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். ஒளுச் செய்யும்படியும் அறிவிக்கப்பட்டுள்ளது. நீரில் பிழைப்பவனுக்கு நீர் தொலைவில் இல்லை. அடுத்து, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாதே என்போம். சந்தேகம் சாட்சியாகாது. அதன்பின் ஊர்ப் பெரியவர்களிடம் போ, ஜமாஅத்தில் சொல், தேவையானால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடு. உன் உரிமையைக் கேள், உரக்கக் கேள். அரிவாளை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போ.

ஊராருக்கும் கடமை உண்டு. வலை இழந்தவனுக்கு வலை வாங்க உதவாமல் உபதேசம் மட்டும் செய்யும் ஜமாஅத், அவன் கையில் அரிவாளைக் கொடுத்ததற்குச் சமம். இருவர் பிணங்கினால் இணக்கம் செய்து வைப்பது நஃபிலான நோன்பையும் தொழுகையையும் தர்மத்தையும் விடச் சிறந்தது என்று ஹதீஸ் உண்டு. நம்மில் எத்தனை பேர் அந்த நன்மையைத் தேடிப் போகிறோம்? பிணக்கை வேடிக்கை பார்ப்போரும் ஊதி விடுவோருமல்லவா அதிகம்?

இறுதியாக நம் வீடுகளைப் பார்ப்போம். வெளியே பட்ட அவமானத்தை வீட்டில் மனைவி மீதும் பிள்ளை மீதும் காட்டும் ஆண்கள் நம்மில் இல்லையா? கரையில் ஒருவனிடம் அடங்கிப் போன கை, வீட்டுக்குள் வந்து ஓங்குகிறதென்றால் அது அல்லாஹ்வுக்குப் பயந்து அடங்கிய கையன்று. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பெண்ணையோ பணியாளையோ தம் கையால் ஒருபோதும் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சி கூறுகிறார்கள். வீட்டில் அடி வாங்கி வளரும் பிள்ளை, அடிப்பதே பேசும் முறை என்று கற்றுக்கொள்கிறான். நாளை ஊரில் கல்லெடுப்பவன் அவன்தான். தாய்மார்களே! பழைய பகைகளைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வளர்க்காதீர்கள். தாயிஃபின் கதையைச் சொல்லி வளருங்கள்.

நன்மையும் தீமையும் சமமாகா, தீமையை மிக அழகியதைக் கொண்டு தடுத்தால் பகைவனும் உற்ற நண்பன் போல் ஆகிவிடுவான் என்பது ஃபுஸ்ஸிலத் சூரா தரும் படிப்பினை. பொறுமையாளருக்கும் பெரும் பாக்கியம் பெற்றவருக்குமே இது கைகூடும் என்பதும் அங்கேயே குறிப்பிடப்படுகிறது. கடினமான காரியம் என்பதை இறைவனே அறிவித்துவிட்டான். கடினமானது என்பதால்தான் கூலியும் பெரிது.

யா அல்லாஹ்! எங்கள் கைகளை அநியாயத்திலிருந்து காப்பாயாக! எங்கள் நாவுகளுக்கு நியாயத்தைப் பேசும் துணிவைத் தருவாயாக! காயம்பட்ட உள்ளங்களுக்கு ஆறுதலையும், காயப்படுத்தியோருக்கு நேர்வழியையும் அருள்வாயாக! எங்கள் ஏரிக்கும் கடலுக்கும் ஊர்களுக்கும் வீடுகளுக்கும் ஸலாமத்தை நல்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.